புண்ணியமெல்லாம் குதிரைக்கு

எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. வேட்டைக்கு வந்த ஒரு ராஜா, புனுகுப் பூனையைத் துரத்திக்கொண்டு குதிரை மேல் அண்ணாமலையை ஒரு சுற்று சுற்றிவிட்டார். சுற்றி முடித்த இடத்தில் பூனையும் விழுந்தது, குதிரையும் விழுந்தது. இரண்டும் மோட்சத்துக்குப் போயின. ராஜாவுக்கு இடுப்பு வலிதான் மிச்சம். ஏனென்றால் அவர் நடக்கவில்லை, உட்கார்ந்துகொண்டே வந்தார். அதனால்தான் மலையை நடந்து சுற்ற வேண்டும், அதுவும் செருப்பில்லாமல் என்பார்கள்.

இந்தக் கதையை டெஸ்டரம்மாவிடம் சொல்லாத ஆள் கிடையாது. நானே இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இப்போதுதான் கேள்விப்படுகிறவரைப் போல முழுசாகக் கேட்பார். முடிந்ததும் குதிரையின் கழுத்தைத் தட்டுவார்.

"ரொம்ப நல்லது. புண்ணியமெல்லாம் குதிரைக்கே போவட்டும். எனக்கு அஞ்சரைக்கு சொசைட்டி போய்ச் சேர்ந்தா போதும்."

சொசைட்டி என்றால் அடி அண்ணாமலைப் பக்கம் எங்கள் ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்திய பால் கூட்டுறவுச் சங்கம். எழுபதுகளின் கடைசியில் ஆரம்பித்தது. நான் அதற்கு செக்ரட்டரி. இருபத்தாறு வயசு, பி.யு.சி. ஃபெயில், கையெழுத்து நன்றாக இருக்கும், யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாது. இந்தத் தகுதிகளையெல்லாம் பார்த்துத்தான் ஊர் என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் டெஸ்டர் வேலைக்கு டவுனிலிருந்து ஓர் அம்மாவைப் போட்டார்கள். அவருக்கு அப்போது முப்பத்தைந்து இருக்கும். பரீட்சை எழுதி, பயிற்சி முடித்து, சான்றிதழோடு வந்தவர். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போயிருந்தது. பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. நானும் இங்கே சொல்லப் போவதில்லை.

முதலில் அண்ணன் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்துதான் வேலைக்கு வந்தார். அவ்வளவு காலையில் பஸ் கிடையாது. ஒரு நாள் அந்த அண்ணன், இறக்கிவிடும்போது, "தினம் உன்னால எனக்கு லேட்டு" என்று சொல்லிவிட்டார். கோபமாகக்கூட இல்லை, சும்மா வாய்தவறிச் சொன்னதுதான். அன்று சாயங்காலம் அண்ணன் வந்து நின்றபோது, "நீ போ, நான் வந்துக்கிறேன்" என்றார். ஏழு கிலோமீட்டர் எப்படிப் போனாரோ தெரியாது. மறுபடி அந்த சைக்கிளில் அவர் ஏறி நான் பார்க்கவில்லை.

எனக்கு அவரைப் பார்த்தால் பயம். காரணம் என் அம்மா.

சங்கம் ஆரம்பித்த முதல் வாரம். அம்மா தூக்குப்போசியைக் கொண்டுவந்து வைத்தாள். டெஸ்டரம்மா பாலைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, பால்மானியை மிதக்கவிட்டு, குனிந்து பார்த்தார்.

"டிகிரி கம்மி. வேணாம், எடுத்துட்டுப் போங்க."

வரிசையில் முப்பது பேர் நின்றிருந்தார்கள். அம்மா நிமிர்ந்தாள். "நான் இன்னாருன்னு தெரியுமில்ல? செக்ரட்டரியோட அம்மா."

"தெரியும்மா. மாடும் செக்ரட்டரி வூட்டு மாடுதான். தண்ணி யாரு வூட்டுதுன்னுதான் தெரியல."

வரிசை சிரித்தது. நான் பேரேட்டுக்குள் தலையை நுழைத்துக்கொண்டேன். ஒரு வாரம் எங்கள் வீட்டில் மூன்று வேளையும் மோர்தான். அம்மா அவரோடு ஒரு வருஷம் பேசவில்லை. என்னோடு பத்து நாள் பேசவில்லை, அதுவே எனக்குப் பெரிதாக இருந்தது.

அவர் குணத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம். இல்லாததை இருக்கிறது என்று சொல்ல விடமாட்டார். அதனால் நஷ்டம் அடுத்தவருக்கா தனக்கா என்று பார்க்கமாட்டார். முதல் பாதியை எல்லோரும் மெச்சினார்கள். இரண்டாம் பாதிதான் கூட இருந்தவர்களுக்குத் தொல்லை.

அண்ணன் சைக்கிளை விட்ட பிறகு மூன்று மாதம் வாடகை ஜட்காவில் வந்தார். சம்பளத்தில் பாதி அதற்கே போனது. அப்போது யாரோ ஒரு தர்ம சங்கத்துக்காரர்கள், கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி இனாமாகத் தருகிறோம், மேடையில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், போட்டோ எடுப்போம் என்று வந்தார்கள். ஏழு கிலோமீட்டர் கையால் சுற்றிவிட்டு அதே கையால் பால்மானி பிடித்தால் கை நடுங்கும், ரீடிங் தப்பும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர்கள் போன பிறகு என்னிடம், "செக்ரட்டரி, தீபத்துக்கு சந்தை கூடுமில்ல, அங்க மட்டக்குதிரை வருமா?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்து, வருமே என்றேன்.

கார்த்திகை தீபத்தை ஒட்டி எங்கள் ஊரில் மாட்டுச் சந்தை கூடும். அதன் ஒரு மூலையில் குதிரைகளும் வந்து நிற்கும். பெரும்பாலும் ஜட்காவுக்கு வாங்குகிறவர்களும் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாங்குகிறவர்களும்தான் வருவார்கள். அவர்கள் குதிரையின் உடம்பில் முடி எங்கெங்கே சுழித்திருக்கிறது என்று விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுழி சரியில்லாத குதிரையைச் சும்மா கொடுத்தாலும் யாரும் வாங்கமாட்டார்கள். டெஸ்டரம்மா சுழியைத் தேடவில்லை. கோலை ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு குதிரைக்கும் வலப்பக்கமாகப் போய் நின்றார். உலகத்தில் எல்லோரும் குதிரையில் இடப்பக்கம்தான் ஏறுவார்கள். இவருக்கு இடது காலை ஊன்றி ஏற முடியாது. வலப்பக்கம் ஆள் வந்ததும் குதிரைகள் மிரண்டன. ஒன்று காலைத் தூக்கி உதைத்தது. கடைசி வரிசையில் மண் நிறத்தில் ஒன்று நின்றது. அவர் போய் அதன் முதுகில் கையை வைத்துச் சாய்ந்தார். அது ஒரு காதை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டு வாயிலிருந்த கடலைக் கொடியை மென்றது.

"இது," என்றார்.

குதிரைக்காரர் ஆற்காட்டுப் பக்கத்து பாய். நாணயமானவர். "கண்ணுக்குக் கீழ பாரும்மா, சுழி கீது. வாங்கினவங்க கண்ணுல தண்ணி வர வைக்கும்னு சொல்வாங்கோ. மூணு சந்தையா எங்கிட்டயே நிக்குது" என்றார்.

"எனக்கு வர வேண்டியதெல்லாம் முன்னாடியே வந்துடுச்சு பாய். வேற என்ன விசேஷம்?"

பாய்க்கு உற்சாகம் வந்துவிட்டது. இது சாதாரண மட்டமில்லை, வடக்கே பீமா ஆற்றங்கரை ஜாதி. மராட்டியர் படை செஞ்சிக் கோட்டைக்கு வந்தபோது கூட வந்த வம்சம். அரபுக் குதிரையின் ரத்தமும் கொஞ்சம் ஓடுகிறது. குளம்பு கருங்கல். தீனி கம்மி, தெம்பு ஜாஸ்தி. ராத்திரி பகல் பார்க்காமல் ஓடும். மழை வருவதை முந்தின நாளே சொல்லும்.

"செஞ்சியிலேர்ந்து அதுவே நடந்து வந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் பேரத்தை முடித்தார். திரும்பும்போது என்னிடம், "பாய் சொன்னதுல பாதி பாலு, பாதி தண்ணி. எது எதுன்னு பார்த்துக்கலாம்" என்றார்.

பார்த்தார். ஒவ்வொன்றாக, வருஷக்கணக்கில். குளம்பு விஷயம் பால். மண் பாதையில் லாடமே தேவைப்படவில்லை, தார் ரோட்டுக்காகத்தான் அடித்தார். தீனியும் பால்தான். மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொடி, கரும்புத் தோகை, ஒரு பிடி கொள்ளு, எதைப் போட்டாலும் தின்றது. ஜட்காக் குதிரைகள் வயிறு ஒட்டி நிற்கிற பஞ்சக் காலத்திலும் இது ஒரே மாதிரி இருந்தது. மழை சொல்வது தண்ணீர். படை வம்சம்? "அப்பன் பேரு தெரியாததுக்கெல்லாம் தளபதி வம்சம்னு சொல்லிக்கிறது வழக்கம்தான்" என்றார். பல வருஷம் கழித்து ஒரு கால்நடை மருத்துவரிடம் நான் இதைக் கேட்டேன். பாய் சொன்னது மொத்தமும் கதையில்லை. பீமா நதிக்கரையில் அப்படி ஒரு மட்டக்குதிரை ஜாதி இருக்கிறதாம். கடல் வழியாக வந்திறங்கிய அரபுக் குதிரைகளும் நாட்டுக் குதிரைகளும் கலந்து உண்டானதாம். மராட்டியர் படையே அதன் முதுகில்தான் ஓடியது, இப்போது ஆட்டுக்கிடை போடுகிறவர்கள் பாத்திரம் பண்டம், பிள்ளை குட்டி, ஆட்டுக்குட்டி எல்லாவற்றையும் அதன் மேல் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்கள் என்றார். எங்கள் குதிரை அதுதானா என்று கேட்டேன். பார்க்காமல் எப்படிச் சொல்வது என்றார். டெஸ்டரம்மாவும் அதையேதான் சொல்லியிருப்பார்.

பாய் சொல்லாமல் விட்ட ஒன்றுதான் அதன் பெரிய குணம். அந்த நடை. ஓட்டமாகவும் இருக்காது, நடையாகவும் இருக்காது. ஒரு பக்கத்துக் கால் இரண்டும் சேர்ந்து போகும், மறுபக்கத்துக் கால் இரண்டும் சேர்ந்து வரும். மேலே உட்கார்ந்திருப்பவரின் தலை ஆடாது. எங்களுக்கு அதனால் நேரடி லாபம் இருந்தது. பால் கேன்களை வேன் ஏற்றிப் போய்விடும். ஆனால் கொழுப்புச் சத்துப் பார்க்க எடுத்த சாம்பிள் பாட்டில்களை, செங்கம் ரோட்டில் இருந்த பால் குளிரூட்டும் இடத்துக்கு இரவு எட்டு மணிக்குள் தனியாகக் கொடுக்க வேண்டும். அதை வேனில் அனுப்ப அவர் ஒப்புக்கொள்ளவில்லை. வேன் குலுங்கும், குலுங்கினால் வெண்ணெய் திரளும், டெஸ்ட் தப்பாகும். தவிர, கண் மறைந்தால் பாட்டில் மாறும். குதிரை மேல், மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு, தானே கொண்டுபோவார். எங்கள் ஊர்ப் பாலுக்குக் கிடைத்த தரம் அந்த நடையில் வந்தது என்று நான் சத்தியம் செய்வேன்.

சேலைக்கு உள்ளே அண்ணனின் பழைய பைஜாமாவைப் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவார். கேன் ஏற்றும் மேடையை ஒட்டிக் குதிரை வந்து நிற்கும். மேடையில் உட்கார்ந்து, சூம்பின காலைக் கையால் எடுத்து அந்தப் பக்கம் போட்டு, நகர்ந்து ஏறிக்கொள்வார். யாரையும் தொட விடமாட்டார். ஆரம்பத்தில் ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. பொம்பளை குதிரை ஏறினால் மழை வராது என்றார்கள். "ஏறாதப்ப கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சா?" என்று கேட்டார். எங்கள் தாலுகாவில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல யாராலும் முடியாது.

அவருக்குத் தலைவலியாக வந்தது குதிரையின் பக்திதான்.

மலை சுற்றும் பாதையில் எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கங்கள் இருக்கின்றன. அவர் வரும் வழியில் சில லிங்கங்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் எதிரில் குதிரை தானாக நின்றது. நின்று தலையைத் தரையைத் தொடும்படி தாழ்த்தியது. பிறகு நிமிர்ந்து, அதன் பாட்டுக்குப் போனது. ஒரு நாள் தவறவில்லை. முதலில் பார்த்தது அங்கே பூ விற்ற ஓர் அம்மாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒரே மாதத்தில் டவுன் முழுக்கப் பேச்சு. நெற்றியில் குங்குமம் வைத்தார்கள், மாலை போட்டார்கள். மாலையை அது தின்றது, அதையும் பிரசாதம் சாப்பிடுகிறது என்றார்கள். போன ஜென்மத்துச் சித்தர் என்று ஒருவர் கண்டுபிடித்தார்.

"பேராவது வைங்கம்மா, கூப்பிடறதுக்கு" என்று நான் கேட்டபோது அவர் சொன்னார்: "பேரு வெச்சா மறுநாளே அதுக்கு ஒரு உண்டியலும் வைப்பாங்க செக்ரட்டரி."

அது ஏன் நின்றது என்று அவருக்கு முதல் வாரமே தெரியும். லிங்கத்துக்கு முன்னால் தேங்காய் பழம் வைத்துக் கும்பிடுகிறவர்கள் வாழைப்பழத்தைத் தின்றுவிட்டுத் தோலை அங்கேயே போடுவார்கள். குதிரை தோலுக்காக நின்றது. கேட்கிற ஒவ்வொருவரிடமும் சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எண்பதுகளின் நடுவில் பௌர்ணமிக் கூட்டம் வருஷத்துக்கு வருஷம் பெருகியது. முன்பெல்லாம் உள்ளூர் ஆட்களும் சில சாமியார்களும்தான் சுற்றுவார்கள். இப்போது வெளியூரிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தார்கள். தண்ணீர்ப் பந்தல் வைக்கவும் கூட்டத்தை ஒழுங்கு செய்யவும் டவுன் கடைக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு தொண்டுக் குழு அமைத்தார்கள். அதன் தலைவர் தானியக் கடைக்காரர். கெட்டவர் கிடையாது. டெஸ்டரம்மா குதிரைக்குக் கொள்ளு வாங்குவதே அவர் கடையில்தான். கல் இருந்தால் மூட்டையைத் திருப்பி அனுப்புவார், அவரும் மாற்றிக் கொடுப்பார். வண்டியும் சைக்கிளும் கூட்டத்துக்குள் வராமலிருக்க, பௌர்ணமி சாயங்காலங்களில் ரோட்டுக்குக் குறுக்கே மூங்கில் பிடித்து நிறுத்த ஆரம்பித்தார்கள்.

டெஸ்டரம்மா காலையில் வரும்போது மலை அவருக்கு வலப்பக்கம் இருக்கும். அது முறைப்படிதான். சாயங்காலம் சாம்பிள் பாட்டில்களோடு திரும்பும்போது கூட்டம் எதிரே வரும். குதிரை மேல் ஒரு பெண், அதுவும் சுற்றுக்கு எதிர்த்திசையில். குழுவினர் தடுத்ததில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

முதல் தடவை தடுத்தபோது நான் பக்கத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். ஒரு லிங்கத்துக்கு எதிரில் மூங்கில் குறுக்கே இருந்தது. தானியக் கடைக்காரர் ராஜா கதையை ஆரம்பித்தார். இவர் முழுசாகக் கேட்டார். புண்ணியம் குதிரைக்கே போகட்டும் என்றார். கடைக்காரர் மாதத்தில் ஒரு நாள் லீவு போடச் சொன்னார். வருஷத்துக்குப் பன்னிரண்டு பௌர்ணமி, பன்னிரண்டு நாள் தற்செயல் விடுப்பு, கணக்குச் சரியாக இருக்கிறதே என்றார்.

"லீவு எனக்குக் காய்ச்சல் வந்தா போடறதுக்கு. மாடு பௌர்ணமிக்கு லீவு போடுதா? மடி கனத்தா கறந்துதான் ஆவணும்."

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. பூக்காரம்மாள் கூடையோடு ஓடிவந்து மூங்கிலைப் பிடித்துக்கொண்டாள். "இது சாமி குதிரைப்பா! அதைப் போயி நிறுத்துறீங்களே, நல்லாருப்பீங்களா?" என்றாள். நாலு பேர் ஆமாம் என்றார்கள். தானியக் கடைக்காரர் வியாபாரி, காற்று எந்தப் பக்கம் என்று தெரியும். குரலை இறக்கினார்.

"சரிம்மா. இது பக்தியான ஜீவன், ஊருக்கே தெரியும். நீங்க கால் குணமாவறதுக்கு வேண்டிக்கினு குதிரை மேல வர்றதா நாங்க சொல்லிக்கிறோம். ஒரு மணி கட்டி, விபூதி பூசி விட்டுடுங்க. யாரும் கேக்கமாட்டாங்க."

தலையை ஆட்டினால் போதும். நான் அவர் பக்கம் சாய்ந்து, "சரின்னு சொல்லிடுங்கம்மா" என்று கெஞ்சினேன். மணி ஏழாகப் போகிறது, மடியில் பெட்டி இருக்கிறது.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் அம்மாவின் தூக்குப்போசி ஞாபகம் வந்தது. பக்கத்துத் தள்ளுவண்டியில் ஒரு சீப்பு வாழைப்பழம் கேட்டார். ஒன்றை உரித்து, லிங்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் இருந்த டீக்கடை வாசலில் வீசினார். குதிரை அங்கே போய்த் தலையைத் தரையைத் தொடும்படி தாழ்த்தியது. அடுத்ததைச் சைக்கிள் கடைப் பக்கம் வீசினார். பங்க்சர் ஒட்டுகிறவரையும் அது வணங்கியது.

"பார்த்தீங்களா? பழத்துக்கு நிக்குது. இது சாமி கும்பிடல. நானும் கும்பிட வரல. என் கால் குணமாவாது, நான் வேண்டிக்கவும் இல்ல. வேலைக்குப் போயிட்டு வரேன். ரோடு எல்லாருக்கும் போட்ட ரோடு."

சிலர் சிரித்தார்கள். நிறையப் பேருக்குக் கோபம். பூக்காரம்மாள் மூங்கிலை விட்டுவிட்டாள். அவள் முகம் விழுந்துபோனதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அவளாக வந்து இவருக்காகப் பேசினாள். அவளைக் கூட்டத்தின் நடுவில் முட்டாளாக்கியிருக்க வேண்டாம். பேச்சு வளர வேண்டாமென்று குழுவினர் மூங்கிலை விலக்கி வழி விட்டார்கள். எனக்கு அன்று டெஸ்டரம்மா மேல் கோபம்தான் வந்தது. உண்மைதான், அதற்காக இப்படியா என்று வழியெல்லாம் மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

வேடிக்கை என்னவென்றால், அவ்வளவு செய்தும் ஒன்றும் மாறவில்லை. குதிரை டீக்கடையை வணங்கியதற்கும் ஊர் ஒரு விளக்கம் சொன்னது. எங்கும் நிறைந்த பரம்பொருள், குதிரைக்குத் தெரிகிறது, அந்தம்மாவுக்குத் தெரியவில்லை என்றது. பூக்காரம்மாள்கூட ஒரு வாரத்தில் மறுபடி குங்குமத்தோடு வந்துவிட்டாள். அடுத்த பௌர்ணமிக்குத் தானியக் கடைக்காரர் மூங்கிலைத் தானே தூக்கிப் பிடித்தார், "குதிரைக்காக விடறோம்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே. இரண்டு வருஷம் அப்படியே போனது. ஒவ்வொரு தடவையும் டெஸ்டரம்மா பதிலுக்கு, "எனக்காக விடுங்க" என்று சொல்வார். அவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அவரை அறுத்தது என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் பாட்டில்களைத் துடைத்துக்கொண்டே, "குதிரைக்குக் கிடைச்ச மரியாதைல தொங்கிக்கினு போறேன் செக்ரட்டரி. இதுவும் கலப்படம்தான்" என்றார்.

ஐப்பசி மழையில் குதிரை வயிற்றுவலி வந்து படுத்தது. ஒன்றரை நாள் கிடந்து, சங்கத்துக் கொட்டகையிலேயே செத்துப்போனது. தகவல் பரவி ஆட்கள் கற்பூரமும் மாலையுமாக வந்தார்கள். பாதை ஓரத்தில் புதைத்து ஒரு கல் நட வேண்டும், பணம் நாங்கள் போடுகிறோம் என்றார்கள். "குழி இங்கயே பின்னாடி வெட்டியாச்சு. கல்லு வேணாம்" என்று சொல்லிவிட்டார். பூக்காரம்மாள் ஒரு மாலையோடு தயங்கித் தயங்கி நின்றாள். டெஸ்டரம்மா நகர்ந்து வழி விட்டார். அவள் மாலையைப் போட்டுவிட்டு அழுதாள். இவரும் அழுதார். நான் அவர் அழுது பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

தானியக் கடைக்காரர் நாலாம் நாள் என் மேசைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். "சாமி குதிரை போயிடுச்சு. இனிமே விட முடியாது செக்ரட்டரி. அவங்க வேற குதிரை வாங்குவாங்க, எனக்குத் தெரியும். நீங்க சங்கத்துல ஒரு உத்தரவு போட்டுடுங்க" என்றார். நான் போட்டேன். என்னுடைய அழகான கையெழுத்தில், 'இனி பௌர்ணமி நாட்களில் பால் பரிசோதகர் விடுப்பு எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்று எழுதி, அவர் வராத நேரமாகப் பார்த்துப் பலகையில் ஒட்டினேன். மறுநாள் காலையில் அதற்குக் கீழே அவர் எழுதியிருந்தார்: 'மாடுகளுக்கும் நகல் அனுப்பவும்.'

ஊரே வந்து படித்துவிட்டுப் போனது. கிழிக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. என் அம்மா சோறு போடும்போது கேட்டாள், "அவ என் பாலைத் திருப்பி அனுப்பினா. என் மூஞ்சைப் பார்த்துச் சொல்லி அனுப்பினா. நீ அவ இல்லாத நேரமாப் பார்த்து ஒட்டியிருக்கியே, யாரைப் பெத்துவெச்சிருக்கேன் நான்?"

அதுவரை மறுபடி ஜட்காவில் வந்துபோன டெஸ்டரம்மா, தீபச் சந்தையில் அதே பாயிடம் வேறொரு மட்டம் வாங்கினார். கறுப்பு. இளசு, வாய்த்துடுக்கு. கை வைத்தவர்களைக் கடித்தது. வாழைப்பழத்தைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரு லிங்கத்துக்கும் நிற்கவில்லை, ஒரு தெய்வத்துக்கும் தலையைத் தாழ்த்தவில்லை. நடை மட்டும் அதே நடை.

மார்கழிப் பௌர்ணமி. தானியக் கடைக்காரர் மத்தியானமே என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "அவங்க உங்க ஆளு. மூங்கிலோட ஒரு பக்கம் நீங்க பிடிங்க. உங்களைப் பார்த்தாவது இறங்கிடுவாங்க" என்றார். முடியாது என்று சொல்லத் தெரியாதவன் என்று முதலிலேயே சொன்னேன். சங்கத்தில் சாயங்காலப் பாலை வாங்கி முடித்துப் பேரேட்டை மூடியதும் சைக்கிளில் முந்திப் போய், ரோட்டின் ஒரு ஓரத்தில் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறு ஓரத்தில் தானியக் கடைக்காரர்.

வெளிச்சம் இன்னும் இருந்தது. டெஸ்டரம்மா வளைவில் வந்தார். மடியில் பெட்டி. கறுப்புக் குதிரை மூங்கிலுக்கு ஒரு முழம் தள்ளி நின்று மூச்சு விட்டது. அவர் என்னைப் பார்த்தார், மூங்கிலைப் பார்த்தார், பிறகு என் பக்கம் திரும்பவேயில்லை.

கூட்டம் கூடியது. தானியக் கடைக்காரருக்கும் சங்கடம்தான். அவர் கெட்டவரில்லை என்று சொன்னேனே. மூங்கிலைப் பிடித்தபடியே டெஸ்டரம்மா பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்.

"இதுவும் லிங்கத்துக்கு நிக்குமாம்மா? நிக்கும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஜனங்களுக்குச் சொல்லி விட்டுடறேன்."

"நிக்காது."

"ஒரு நாளைக்காவது..."

"எங்கயும் நிக்காது சார். இது பொழப்புக்குப் போற குதிரை."

"அப்ப இறங்கி நடந்து வாங்கம்மா. குதிரையை நாங்க பிடிச்சிக்கினு வரோம். எல்லாரும் நடக்கறாங்க இல்ல?"

அவர் கூட்டத்தைப் பார்த்தார். அத்தனை பேரும் வெறுங்கால்.

"செருப்பைக் கழட்டச் சொன்னீங்கன்னா கழட்டி வெச்சுட்டு வருவேன். இது செருப்பு இல்ல, என் காலு. கால் இருக்கறவங்க அதைக் கழட்டி வெச்சுட்டா நடக்கறீங்க? மூங்கிலை எடுங்க."

இந்தத் தடவை சாமி குதிரை என்று சொல்ல ஆளில்லை. பூக்காரம்மாள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள், அவளும் சொல்லவில்லை. தானியக் கடைக்காரர் மூங்கிலை விடாமல் நின்றார். டெஸ்டரம்மா அசையவில்லை. கெஞ்சவில்லை, கோபப்படவும் இல்லை. பெட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் உள்ளங்கை மூங்கிலில் வேர்த்து வழுக்கியது. வழுக்கித்தான் விழுந்தது என்று பிறகு தானியக் கடைக்காரரிடம் சொன்னேன். அது பொய். நான்தான் விட்டேன்.

என் பக்கத்து முனை ரோட்டில் விழுந்த சத்தத்துக்குக் குதிரை மிரளவில்லை. மூங்கிலைத் தாண்டி அதன் நடையில் போனது. கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. கன்னத்தில் யாரும் போட்டுக்கொள்ளவில்லை, குங்குமத்தோடு யாரும் ஓடிவரவில்லை. ஒரு பெண் வேலை முடிந்து போகிறாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு எந்தப் பௌர்ணமியிலும் அவருக்கு எதிரில் மூங்கில் நிற்கவில்லை.

அன்று ராத்திரி எனக்குள் ஒரு பெருமை இருந்தது, மறைக்கமாட்டேன். காலையில் அவர் வந்ததும் ஏதாவது சொல்வார் என்று சீக்கிரமே போய்ச் சங்கத்தைத் திறந்து வைத்தேன். ஐந்தரைக்கு வந்தார். மேடையில் இறங்கினார். கண்ணாடிக் குழாயைக் கழுவி வைத்தார், பால்மானியைத் துடைத்தார். முதல் ஆள் பாலோடு வந்து நிற்கும்போதுதான் என் பக்கம் திரும்பினார்.

"லேட்டா விட்டீங்க, செக்ரட்டரி" என்றார்.